ஸ்கூல் போற வர்ற வழியில போன் வேணாமே

குழந்தைங்களும் போனும்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் குடுக்குறீங்க?" தான். அந்தக் கேள்வில பாதி விஷயம் விட்டுப்போகுதுன்னு எனக்கு எப்பவும் தோணும். எந்த நேரத்துல குடுக்குறோம், எப்படி நிறுத்துறோம்ங்கறதுல தான் எங்க வீட்டுல நாள் நல்லா போறதும் கெட்டுப் போறதும் இருக்கு. அதுலயும் ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப, கொண்டுபோய் விடுறப்ப, கூட்டிட்டு வர்றப்ப ஸ்கிரீனே கூடாதுன்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னு இங்க எழுதி வைக்கலாம்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

காலைல இருந்து வரேன். பெரியவளுக்கு பத்து வயசு, சின்னவனுக்கு அஞ்சு. கிளம்புற நேரத்துல சின்னவன் கைல டேப்லெட் இருந்தா எப்படி இருக்கும்னா, ஒரு கால்ல சாக்ஸ் ஏறியிருக்கும், இன்னொண்ணு கைலயே சுருண்டு கிடக்கும், வாய் லேசா திறந்திருக்கும், கண்ணு இமைக்காது. "சாக்ஸ போடு கண்ணா"ன்னா "ம்"னு பதில் வரும், கை அசையாது. அப்பாடா இந்த வீடியோ முடியப்போகுதுன்னு நாம நெனைக்கிறதுக்குள்ள அடுத்த வீடியோவோட படம் வந்து, அஞ்சு நாலு மூணுன்னு எண்ணி, அதுவே ஓட ஆரம்பிச்சிடும். பிடுங்கினா அழுகை, அழுதுட்டே ஷூ, அழுதுட்டே வண்டி, கேட்ல இறங்கறப்ப மூஞ்சி வீங்கிப் போயிருக்கும். அந்த மூஞ்சியோட ஒரு புள்ள கிளாஸுக்குள்ள நடந்து போறதப் பாத்தா வயித்தப் பிசையும் எனக்கு.

இதுல குழந்தைய குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. அந்த ஆப்புங்க எல்லாம் நிக்காம ஓடணும்னே செஞ்சது. விரல்ல தள்ளத் தள்ள முடிவே இல்லாம புதுசு புதுசா வந்துட்டே இருக்கே, அத 2006ல உருவாக்கினவரு அசா ராஸ்கின். பின்னால அவரே அதுக்காக வருத்தப்படுறேன்னு வெளிப்படையா சொல்லிட்டாரு. பெரியவங்க நாமளே அத நிறுத்த முடியாம நடுராத்திரி வரைக்கும் முழிச்சிட்டு இருக்கோம், அஞ்சு வயசுப் புள்ள தானா கீழ வச்சிடணும்னு எதிர்பாக்குறது எந்த ஊர் நியாயம்?

எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது ஒரு ஆராய்ச்சி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல 2016ல பண்ணது, சின்னப் பசங்க இருக்குற வீடுகள்ல பெத்தவங்கள டைரி எழுத வச்சு, ஸ்கிரீன நிறுத்துற நேரத்துல என்ன நடக்குதுன்னு பாத்திருக்காங்க. நாம எல்லாரும் சொல்லுவோமே, "இன்னும் ரெண்டே நிமிஷம் தான்"னு, அப்படி சொன்ன நேரத்துல எல்லாம் அழுகையும் அடமும் கொறையல, அதிகமாத்தான் ஆயிருக்கு. அதுவே அந்த எபிசோட் தானா முடிஞ்சாலோ, இல்ல தினமும் இந்த நேரத்துல முடியும்னு வழக்கமா இருந்தாலோ புள்ளைங்க பேசாம எந்திரிச்சு போயிடுறாங்க. படிச்சதும் எனக்கு அப்படியே எங்க ஹால் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. நாம நிறுத்துனா நம்மளோட சண்டை, அதுவா நின்னா சண்டை போட ஆளே இல்லயே.

அதனால எங்க வீட்டுல ஆட்டோபிளே ஆஃப். சாயங்காலம் என்ன பாக்கணும்னு முன்னாடியே அவன் தான் எடுத்துக் குடுப்பான், அது முடிஞ்சா முடிஞ்சது. காலைல சுத்தமா கிடையாது. கொஞ்சமா குடுக்குறதவிட சுத்தமா இல்லங்கறது தான் சுலபம்னு எனக்குத் தோணுது, ஏன்னா "காலைல கிடையாது"ங்கறதுல பேரம் பேச இடமே இல்ல, "இன்னைக்கு மட்டும்"னு ஒரு நாள் இறங்கி வந்தீங்கன்னா அப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த "இன்னைக்கு மட்டும்" வந்து நிக்கும்.

காலைல கிளம்புறது நல்லபடியா இருக்கணும்னா முந்தின நாள் ராத்திரியையும் பாக்கணும். ஆறுல இருந்து பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு 9ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லியிருக்கு. பெரியவ காலைல ஆறரைக்கு எழுந்திரிக்கணும், பத்து மணி நேரம்னு வச்சா எட்டரைக்குத் தூங்கியிருக்கணும், படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஸ்கிரீன் போயிடணும்னா ஏழரை. இப்படி பின்னாடி இருந்து கணக்கு போட்டு அவகிட்டயே பேப்பர்ல எழுதிக் காமிச்சேன், அவளே கூட்டிக் கழிச்சுப் பாத்து சரின்னுட்டா. அதே வருஷம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியும், ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக்கு ஸ்கிரீன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தான்னு சொல்லிட்டு, ஆறு வயசுக்கு மேல ஒரே நம்பர எல்லாருக்கும் வைக்காம, தூக்கத்தையும் விளையாட்டையும் திங்காத அளவுக்கு ஒரு வரம்பு வச்சு அதுல உறுதியா நில்லுங்கன்னு விட்டுட்டாங்க. அது தான் சரின்னு நானும் நெனைக்கிறேன்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது, அந்த வண்டி நேரம். ஸ்கூல் விட்டு வந்து உக்காந்ததும் "இன்னைக்கு எப்படிடா போச்சு"ன்னு கேட்டா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பதில் தான், "ம், நல்லா போச்சு". அதோட விட்டுடணும். பாவம் நாள் பூரா கேள்விக்குப் பதில் சொல்லிட்டு வந்திருக்குங்க. கொஞ்ச தூரம் யாரும் பேச மாட்டோம், ஜன்னல் வழியா பாத்துட்டு வருவாங்க, அப்புறம் திடீர்னு பின் சீட்ல இருந்து குரல் வரும். ஒரு நாள் அப்படித்தான் பெரியவ, எதையோ சாதாரணமா சொல்ற மாதிரி, "ப்பா, அவ இனிமே என் பக்கத்துல உக்காரலையாம்"னா. நான் திரும்பல, ரோட்டப் பாத்துட்டே "ஏன்டா தங்கம்"னேன். அப்புறம் வீடு வர்ற வரைக்கும் அவ தான் பேசினா, இடைல ஒரு தடவ மூக்க உறிஞ்சினா, வீட்டு வாசல்ல வண்டி நின்னும் நாங்க இறங்கல. எதிர்ல உக்கார வச்சு மூஞ்சியப் பாத்து கேட்டிருந்தா அதுல ஒரு வார்த்தை வந்திருக்காது. நம்ம கண்ணு ரோட்டுல இருக்குறதால தான் அவங்களுக்குப் பேச வருது. அந்த நேரத்துல கைல போன் இருந்திருந்தா அவ அதப் பாத்துட்டே வந்திருப்பா, நானும் புள்ள சமத்தா வருதுன்னு சந்தோஷமா ஓட்டிட்டு வந்திருப்பேன், அந்த அழுகை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இத நெனச்சா தான் எனக்கு பயமா இருக்கு.

பேச வைக்கணும்னா கேள்வி சின்னதா இருக்கணும். "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த", "யாராவது திட்டு வாங்கினாங்களா", இந்த மாதிரி. சின்னவனுக்கு அடுத்தவன் திட்டு வாங்கின கதைன்னா வாய் நிக்காது.

நம்ம போனும் இதுல சேத்தி. சாயங்காலம் கேட்ல நின்னு பாருங்க, காத்திருக்குற அத்தன பேரும் தலையக் குனிஞ்சு நிக்கறோம். புள்ள வெளிய வந்து கூட்டத்துல நம்ம மூஞ்சியத் தேடுற அந்த ரெண்டு நொடி நாம நிமிர்ந்து நின்னா, அது நம்மளக் கண்டுபிடிச்சதும் ஓடி வர்றதே தனி. நான் கேட் வந்ததும் போன பைல போட்டு ஜிப்ப இழுத்துடுவேன், வீடு வர்ற வரைக்கும் அது அங்கயே தான் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் சில நாள் எங்க வண்டில வருவான், அவன்கிட்ட சொந்தமா போன் இருக்கு. முதல் நாள் அத எடுத்ததும் என் பசங்க ரெண்டும் அவன் மேலயே சாஞ்சாச்சு. "இந்த வண்டில யாரும் போன் பாக்குறதில்ல தம்பி, அங்கிளும் பாக்க மாட்டேன், பைல வச்சிடுறியா"ன்னேன், உடனே வச்சுட்டான். அவங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அவங்க தப்பா எடுத்துக்கல. இது மத்தவங்க வளர்ப்புல தலையிடுறதுன்னு தயங்க வேண்டியதில்ல, நம்ம வண்டிக்கு நாம ஒரு சட்டம் வைக்கிறோம், அவ்ளோதான்.

முடிஞ்ச நாள்ல வண்டிய கொஞ்சம் தள்ளியே நிறுத்திட்டு மிச்ச தூரத்த நடப்போம். இதுக்கு கண்ணும் ஒரு காரணம். சீனாவுல குவாங்சோ நகரத்துல ஆரம்பப் பள்ளிகள்ல ஒரு பாதிக்கு மட்டும் தினமும் 40 நிமிஷம் வெளிய இருக்குற வகுப்பு சேத்து மூணு வருஷம் பாத்தாங்க, 2015ல முடிவு வந்துச்சு. வெளிய போன பசங்கள்ல 30.4 சதவீதம் பேருக்கு கிட்டப்பார்வை வந்துச்சு, போகாதவங்கள்ல 39.5. வீட்டுக்குள்ள எவ்ளோ லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) தான், வெளிய வெயில்ல பத்தாயிரத்தத் தாண்டும். ஸ்கிரீன கொறைங்கன்னு மட்டும் சொல்லிட்டு இருக்கோம், அந்த நேரத்துக்கு புள்ளைய வெளிய விடணும்ங்கறத யாரும் சேத்து சொல்றதில்ல.

ஹோம்வொர்க் இன்னொரு தலைவலி. போன் குடுக்காதீங்கன்னு மீட்டிங்ல சொல்லுவாங்க, அன்னைக்கு சாயங்காலமே பாடம் எல்லாம் வாட்ஸப்ல வரும். "ஹோம்வொர்க் தான்பா பாக்குறேன்"னு எடுத்த போன் எப்ப வேற எங்கயோ போச்சுன்னு அவளுக்கே தெரியாது. அதனால நான் வாசிப்பேன், அவ டைரில எழுதிப்பா, போன் என் கைய விட்டுப் போகாது. கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனா கணக்கு எந்தப் பாடத்துல நிக்குதுன்னு எனக்கும் தெரிஞ்சிடுது.

இப்ப பெரியவ சொந்த போன் கேக்க ஆரம்பிச்சிருக்கா, கிளாஸ்ல நெறைய பேருக்கு இருக்காம். அவ தனியா ஸ்கூலுக்கு நடந்து போக ஆரம்பிக்கிற அன்னைக்கு கால் மட்டும் பேசுற பட்டன் போன் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன். "அதுல கேமரா இருக்குமா"ன்னு கேட்டா, இல்லன்னேன், ரெண்டு நாள் யோசிச்சுட்டு வந்து சரின்னு சொல்லியிருக்கா.