பிளக்கை வெட்டாமல் டிப் செய்து பயனில்லை

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் என் கடல்நீர்த் தொட்டியில் இருந்த, கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா என்ற பச்சைக் கோரல் (பவளம்) வெளிற ஆரம்பித்தது. முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆல்கலினிட்டி (காரத்தன்மை) சரி, உப்பு சரி, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரியில் நிற்கிறது. லைட்டைக் குறைத்துப் பார்த்தேன், தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், இரண்டு வாரம் இப்படியே போனது. அப்புறம் ஒரு ராத்திரி டார்ச் அடித்தபோதுதான் கிளையின் அடிப்பக்கம் சின்னச் சின்ன வட்டமாக வெள்ளைத் தழும்புகள் தெரிந்தன. பைப்பெட்டால் அந்த இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சினேன். பச்சைப்பயறு அளவில், கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஒன்று கழன்று மிதந்தது. தட்டைப்புழு. இந்த வகைப் புழு கோரலின் சதையையும் அதற்குள் வாழும் பாசியையும் சேர்த்தே தின்பதால் அதன் உடம்புக்கும் கோரலின் நிறமே வந்துவிடுகிறது, ஒட்டிக்கொண்டிருக்கும்வரை நம் கண்ணுக்குச் சிக்காது.

எனக்கு வருத்தம் என்னவென்றால், நான் டிப் செய்யாமல், அதாவது மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்காமல், எதையும் தொட்டியில் விடுகிறவன் இல்லை. புழுவைக் கொண்டுவந்தது வேறொரு கோரல், பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து நண்பர் ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு கொண்டுவந்து கொடுத்த சின்னத் துண்டு. பத்து நிமிஷம் மருந்துத் தண்ணீரில் வைத்தேன், ஒன்றும் விழவில்லை, சுத்தம் என்று நினைத்து அப்படியே பிளக்கோடு, அதாவது துண்டு ஒட்டியிருக்கும் சின்ன அடிக்கட்டையோடு, பாறையில் ஒட்டிவிட்டேன். அங்கேதான் தவறு. டிப் மருந்து புழுவைக் கொல்லும் அல்லது மயக்கி உதிர்க்கும். முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டைகளோ கோரலின் உயிருள்ள சதைமேல் இருப்பதில்லை, சதை இல்லாத வெற்று எலும்பில், அடியில், பிளக்கோடு ஒட்டுகிற இடத்தில், பழுப்பு நிறத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும். தண்ணீர் 27 டிகிரி வாக்கில் இருந்தால் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும்.

அதனால் இப்போது புதிதாக எது வந்தாலும் மருந்துப் பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் பிளக்கைத்தான் பார்க்கிறேன். கோரல் கட்டரால் பிளக்கையும், சதை படராத அடித்தண்டையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுப் பிளக்கில் சூப்பர் குளூ ஜெல் வைத்து ஒட்டுகிறேன். முட்டை மட்டுமில்லை, ஐப்டேசியா என்ற தொல்லை அனிமோன், குமிழ்ப்பாசி, குழாய் நத்தை எல்லாமே அந்தப் பிளக்கின் பள்ளத்திலும் காம்பிலும்தான் குடியிருக்கும். இவற்றில் எதுவும் டிப்புக்கு அசையாது. தடித்த எல்பிஎஸ் வகைகளை (பெரிய பாலிப் உள்ள கல் பவளங்களை) இப்படி வெட்ட முடியாது, அப்போது எலும்புப் பகுதியைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு இடுக்கையும் பார்க்க வேண்டும்.

டிப் செய்வது பெரிய வித்தை இல்லை. மூன்று ஐஸ்கிரீம் டப்பா, வெள்ளை நிறமாக இருந்தால் நல்லது, விழுகிற பூச்சி தெரியும். மூன்றிலும் தொட்டித் தண்ணீர், முதல் டப்பாவில் மட்டும் மருந்து, அளவும் நேரமும் பாட்டிலில் போட்டிருக்கிறபடி. பையில் வந்த தண்ணீரை எதிலும் ஊற்றாதீர்கள். மருந்தில் இருக்கும்போது பைப்பெட்டால் எல்லாப் பக்கமும் விடாமல் பீய்ச்ச வேண்டும், சும்மா ஊறப்போட்டால் பாதிப் பூச்சி பிடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் மற்ற இரண்டு டப்பாவிலும் அலசல். அக்ரோபோரா, பொசிலோபோரா கிளைகளுக்குள் சின்ன நண்டு இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள், அது கோரலைக் காவல் காக்கிற நண்டு, மருந்தில் செத்துப்போகும்.

தோட்டத்துப் பூச்சிமருந்தில் டிப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இமிடாகுளோபிரிட் கலந்தது, வேலை செய்கிறது என்பது உண்மைதான். நான் தொடமாட்டேன். இறாலையும் நண்டையும் கொல்கிற மருந்து அது, அலசலில் கொஞ்சம் கவனம் தப்பினால் தொட்டியிலிருக்கும் இறால்தான் விலை கொடுக்கும்.

ஸோவாந்திட் என்கிற பொத்தான் மாதிரிக் கோரல் விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். சில வகைகளில், முக்கியமாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கடுமையான விஷம் இருக்கிறது. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். அது ஒட்டிய பாறையை வெந்நீரில் போடவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் ஆஸ்பத்திரிவரை போயிருக்கிறார்கள். அந்த மூன்று டப்பாவும் திரும்பச் சமையலறைக்குள் போகக்கூடாது. அம்மாவிடம் சொல்லி, மூடிமேல் மார்க்கரால் பெரிதாக எழுதித் தனியாக வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தபிறகும் ஆறு வாரம் தனித்தொட்டி. 40 லிட்டர், மீன் கிடையாது, சின்ன லைட், சின்னப் பவர்ஹெட். வாரம் ஒரு தடவை திரும்ப டிப். ஒரு முட்டை தப்பியிருந்தாலும் அதிலிருந்து வருகிற குஞ்சு பெரிதாகி முட்டையிடுவதற்குள் சிக்கிவிடும். பினாங்கு வெயிலில் அந்தத் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும், இன்னொரு சில்லர் வாங்க எனக்கு வசதி இல்லை. மேலே ஒரு மின்விசிறி மாட்டியிருக்கிறேன், இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது, ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும், தினமும் ஆர்ஓ (உப்பு நீக்கிய) தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். வேலை முடிந்து ஜெலுத்தோங் போக்குவரத்தில் ஊர்ந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்.

அந்தப் பச்சை அக்ரோபோரா பிழைக்கவில்லை. நாலு வருஷமாக வளர்த்தது, ஒரு விரல் நீளத் துண்டாக வாங்கி இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவுக்கு வந்திருந்தது. தழும்பு இல்லாத ஒரு நுனியை மட்டும் வெட்டி எடுத்து, புதுப் பிளக்கில் ஒட்டி, ஆறு தடவை டிப் செய்தேன். இப்போது அது பிளக்கின் விளிம்புவரை படர்ந்திருக்கிறது. பட்டர்வொர்த் நண்பருக்கு அதில் ஒரு துண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறேன், பிளக் இல்லாமல்.