கேட் (CAD, கம்ப்யூட்டர்ல டிசைன் போடற) சாஃப்ட்வேர் வாங்கப் போறீங்களா, முதல்ல உங்களுக்கு வர்ற ஃபைலைப் பாருங்க

கோயம்புத்தூர்ல பம்ப் காஸ்டிங் பண்ற ஒரு கம்பெனில டிசைன் டீமைப் பாத்துக்கறேன். ரொம்ப வருஷமா ஆட்டோகேட்ல டூடி டிராயிங் தான் போட்டுட்டு இருந்தோம், இப்ப த்ரீடிக்கு மாறியாச்சு. எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, எனக்கு என்னமோ அந்தக் கேள்வியே கொஞ்சம் தள்ளி வரணும்னு தோணுது. உங்களுக்கு கஸ்டமர் என்ன ஃபைல் அனுப்பறாங்க, நீங்க பேட்டர்ன் ஷாப்புக்கும் (காஸ்டிங் அச்சுக்கு மாதிரி செய்யற இடம்) மெஷின் ஷாப்புக்கும் என்ன ஃபைல் அனுப்பறீங்க, முதல்ல அதை உக்காந்து எழுதுங்க. பாதி முடிவு அங்கேயே வந்துடும்.

ஏன்னா சாலிட்வொர்க்ஸ்ங்கற த்ரீடி சாஃப்ட்வேரோட ஃபைலை அதுலயே தொறந்தா ஃபீச்சர் ட்ரீ, அதாவது மாடலை எந்தெந்தப் படியா கட்டினோம்ங்கற வரிசை, முழுசா இருக்கும், சுவர் திக்னஸ் 6 எம்எம்மை 8 ஆக்கணும்னா ஒரு டைமென்ஷனை மாத்தினா போதும். அதே பார்ட் ஸ்டெப் ஃபைலா, அதாவது எல்லா கேட் சாஃப்ட்வேருக்கும் பொதுவான ஃபைலா வந்தா வெறும் ஷேப் மட்டும் தான் வரும், எந்த ஸ்கெட்ச்ல இருந்து வந்துச்சு, எது எதை நம்பி நிக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. சாலிட் எட்ஜ்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல 2008ல வந்த சிங்க்ரோனஸ் டெக்னாலஜி இந்த இடத்துல நல்லா கை குடுக்கும், ட்ரீ இல்லாத பார்ட்லயும் ஒரு பக்கத்தைப் புடிச்சு இழுத்து மாத்தலாம். வெளியில இருந்து வர்ற ஸ்டெப் ஃபைல்ல தான் உங்க வேலை பாதின்னா அதைக் கட்டாயம் ஒரு தடவை பாருங்க.

இன்னொண்ணு கெர்னல், அதாவது சாஃப்ட்வேருக்குள்ள ஷேப்பைக் கணக்குப் போடற எஞ்சின். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ், ஆன்ஷேப் எல்லாம் உள்ளுக்குள்ள பாராசாலிட் தான், அதனால இதுங்களுக்குள்ள பாராசாலிட் ஃபைலாவே குடுத்து வாங்கினா ஷேப் பெரும்பாலும் சேதமில்லாம போகும். கெர்னல் மாறும்போது தான் வால்யூட் கேசிங் (பம்ப்போட சுருள் வடிவ வெளிக்கூடு) மாதிரி வளைஞ்ச சர்ஃபேஸ்ல இடுக்கு விழுந்து சாலிடே ஆகாம நிக்கும், அதைத் தைக்கறதுக்குள்ள ஒரு ஆளோட நாள் போயிடும்.

வெர்ஷனையும் கவனிங்க. புது வெர்ஷன்ல சேவ் பண்ணினதை பழைய சாலிட்வொர்க்ஸ் ஒழுங்கா தொறக்காது. 2024ல இருந்து தான் ரெண்டு வெர்ஷன் பின்னாடி வரைக்கும் சேவ் பண்ற வசதி வந்துச்சு. கஸ்டமர் வருஷா வருஷம் மாத்தறவரா இருந்தா நீங்களும் பின்னாடியே ஓடணும், அந்தச் செலவையும் முதல் நாளே கணக்குல வைங்க.

செலவுன்னா விலையை மட்டும் பாக்காதீங்க, லைசென்ஸ் எப்படிங்கறதையும் கேளுங்க. ஆட்டோகேட் பண்ற ஆட்டோடெஸ்க் 2016லயே புது பெர்பெச்சுவல் (ஒரு தடவை வாங்கினா எப்பவும் ஓட்டலாம்ங்கற) லைசென்ஸ் விக்கறதை நிறுத்திடுச்சு, இப்ப சப்ஸ்கிரிப்ஷன் தான், கட்டறதை நிறுத்தினா சாஃப்ட்வேரும் நின்னுடும். அதோட லைசென்ஸ் ஆள் பேர்ல வருதா, சிஸ்டத்து மேல வருதா, சர்வர்ல இருந்து மாத்தி மாத்தி எடுத்துக்கலாமான்னு கேட்டுக்கோங்க. ரெண்டு ஷிஃப்ட் ஓடற இடத்துல ஒரே சிஸ்டத்துல ரெண்டு பேர் உக்காருவாங்க, ஆள் பேர்லன்னா ரெண்டு லைசென்ஸ் வேணும். சின்ன கம்பெனிக்கு இது பெரிய காசு.

கிராக் போட்டு ஓட்டலாம்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. திருட்டு காப்பின்னு தெரிஞ்சே யூஸ் பண்ணினா காப்பிரைட் சட்டம் 63பி பிரிவுல 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. காசு இல்லைன்னா ஃப்ரீகேட்ங்கற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, 2024 நவம்பர்ல 1.0 வந்துச்சு. முன்னாடி மாடல்ல மேல ஒரு இடத்தை மாத்தினா கீழ இருக்கற ஃபில்லெட் (மூலைல போடற வளைவு) எல்லாம் வேற எட்ஜுக்குத் தாவும், அதை இதுல நல்லாவே சரி பண்ணியிருக்காங்க. பிராக்கெட், ஃபிக்ஸ்சர், ஜிக் மாதிரி வேலைக்கு தாராளமா போதும். இம்பெல்லர் (பம்ப்ல தண்ணியைச் சுத்தித் தள்ளற சக்கரம்) அளவுக்கு நான் இன்னும் நம்பல.

டீலர் டெமோவை நம்பி முடிவு எடுக்காதீங்க, அவங்க பார்ட் எப்பவும் அழகா தான் சுத்தும். உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்ப படுத்தற பார்ட்டை எடுங்க. நாங்க ஒரு பழைய வால்யூட் கேசிங்கை எடுத்தோம், உள்ள கோர் (காஸ்டிங்ல உள்பள்ளம் வர வெக்கற மணல் அச்சு), சுத்தி டிராஃப்ட் (பேட்டர்ன் அச்சுல இருந்து சுலபமா வெளிய வர்றதுக்கான சரிவு), காஸ்ட் அயர்ன் ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருக்கம் எல்லாம் போட்டு மாடல் பண்ணச் சொல்லிட்டு, அப்புறம் அவுட்லெட் சைஸை மாத்தச் சொன்னோம். சில சாஃப்ட்வேர்ல ட்ரீ முழுக்க எரர் வந்து சிவப்பாயிடுச்சு, சிலதுல அப்படியே ரீபில்ட் ஆச்சு. இந்த டெஸ்ட்டை எங்க பசங்களையே ஓட்ட வெச்சோம், அதுவும் எங்க கம்ப்யூட்டர்லயே. மாடலிங் வேலை பெரும்பாலும் ப்ராசஸர்ல ஒரே கோர்ல தான் ஓடும், நிறைய கோர் இருக்குன்னு வாங்கறதை விட கிளாக் ஸ்பீடு அதிகமா இருக்கறதைப் பாத்து வாங்குங்க.

கடைசில கஸ்டமர்ல முக்கால்வாசிப் பேர் சாலிட்வொர்க்ஸ்ங்கறதால மாடல் பண்றவங்களுக்கு அதையே எடுத்தோம். எங்க சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணனுக்கு மட்டும் ஆட்டோகேட்டோட டிடபிள்யூஜி ஃபைலை நேராவே எடுத்துக்கற இசட்டபிள்யூகேட். கீபோர்டுல கமாண்ட் அடிச்சே அவர் போடற வேகத்துக்கு இங்க யாரும் கிட்ட வர முடியாது, அந்தக் கையை மாத்தச் சொல்றதுல எனக்கு சம்மதமே இல்ல, இதுல ஆட்டோகேட்ல இருந்த அதே கமாண்ட் தான்.

இப்ப ரிலீஸ் ஆகற ஒவ்வொரு பார்ட்டுக்கும் கூடவே ஒரு ஸ்டெப்பும் ஒரு பிடிஎஃப்பும் ரெவிஷன் நம்பரோட தனி ஃபோல்டர்ல போயிடுது. நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு மாறினா ஃபீச்சர் ட்ரீ போகும், ஷேப்பும் டிராயிங்கும் எங்ககிட்டயே இருக்கும்.