உள்ளங்கால் மச்சம்: பரிசோதனை முதல் அறிக்கை வரை

என் இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், பல வருடங்களாக ஒரு பழுப்பு மச்சம் இருந்தது. பாதத்தில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றும் யோகம் என்பார்களே, அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் எவரும் பேசியதில்லை. நாற்பது வயதைக் கடந்த பிறகு அதன் ஓர் ஓரம் கருத்து நீண்டிருப்பதைக் கண்டு தோல் மருத்துவரிடம் சென்றேன். வலியோ அரிப்போ இல்லை.

அவர் பாதத்தைத் துடைத்து, ஜெல் தடவி, டெர்மாஸ்கோப் என்னும் கையடக்க உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, அந்தப் படத்தைக் கைபேசித் திரையில் எனக்கும் காட்டினார். உள்ளங்கால் தோலில், கைரேகையில் உள்ளதுபோல, மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன; மேடுகளில்தான் வியர்வைத் துளைகள் திறக்கின்றன என்பதால், வரிசையாகத் தெரியும் சிறு வெள்ளைப் புள்ளிகளைக் கொண்டு எது மேடு, எது பள்ளம் என்று பிரித்தறியலாம். நிறமி பள்ளங்களில் மெல்லிய கோடாக நின்றால் பெரும்பாலும் தீங்கற்ற மச்சம். மேடுகளில் அகலப் பட்டையாகப் படர்ந்திருந்தால் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டிய முறை இது. என் மச்சத்தில் பெரும்பகுதி பள்ளத்தில்தான் இருந்தது. கருத்த ஓரத்தில் மட்டும் வரிகள் குழம்பிக் கிடந்தன. அமைப்பு தெளிவாக இல்லாமல், அகலமும் 7 மில்லிமீட்டரைத் தாண்டினால், வெட்டியெடுத்துச் சோதிப்பதே முறை என்றார்.

சாதாரண மச்சம் புற்றாக மாறுவது மிக அரிது என்பதையும் அழுத்திச் சொன்னார். வெள்ளைத் தோலினரிடம் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணம். நம்மைப் போன்ற நிறத்தவரிடம் அந்நோய் குறைவுதான் என்றாலும், வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய வெயில் படாத இடங்களில் வருவதே அதிகம். 1981இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் தொடங்கியதும் இவ்வகைதான். காலாணி, அடிபட்ட ரத்தக்கட்டு என்று எண்ணி விட்டுவிடுவதால் பலர் தாமதமாகவே வருகிறார்களாம்.

லேசரில் எடுத்துவிடலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். மருத்துவர் அதைக் கண்டிப்பாக மறுத்தார். எரித்துவிட்டால் சோதிக்கத் திசு மிஞ்சாது. மேலாகச் சீவியெடுத்தாலோ, ஒருவேளை புற்றாக இருந்தால், அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்க முடியாமல் போகும். நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் விளக்கிய அந்த ஆழ அளவுதான் அடுத்தகட்டச் சிகிச்சையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

அறுவையில் வலித்தது மரத்துப்போவதற்கான ஊசி மட்டுமே. உள்ளங்காலில் அது உயிர் போகிற வலி. சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு மச்சத்தை முழுமையாக எடுத்து ஃபார்மலின் புட்டியில் இட்டார்கள். ஆய்வகத்துக்கு உடன் அனுப்பும் படிவத்தில் மருத்துவர் பாதத்தை வரைந்து, ரேகைகளுக்குக் குறுக்காகத் திசுவைச் சீவ வேண்டும் என்றும் எழுதினார். ரேகையின் போக்கிலேயே சீவினால் மேடும் பள்ளமும் நுண்ணோக்கியில் பிரிந்து தெரியாது என்பது அவர் தந்த விளக்கம். நான் கேள்விப்பட்டவரையில் பல இடங்களில் இக்குறிப்பை எழுதுவதில்லை. நோயாளி நினைவூட்டுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். உடலின் எடையைத் தாங்கும் இடம் என்பதால் தையலை மற்ற இடங்களைவிடத் தாமதமாகவே பிரித்தார்கள். அதுவரை முன்பாதத்தை ஊன்றித்தான் நடக்க முடிந்தது.

தீங்கற்ற மச்சம், வெட்டிய ஓரங்களில் மச்சத்தின் மிச்சமில்லை என்று அறிக்கை வந்தது. நிறமிச் செல்கள் சில மேல்தோலில் ஏறியிருப்பதாக அதில் ஒரு வரி இருந்ததைக் கண்டு பயந்தேன். முதுகிலோ கையிலோ அப்படி இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு என்றும், உள்ளங்கால் மச்சங்களில் அது இயல்பாகவே காணப்படக்கூடியது என்றும், செல்களின் உருவில் மாறுபாடு இல்லாததால் மேற்கொண்டு எதுவும் தேவையில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். வலது காலில் இருக்கும் சிறு மச்சத்தையும் அன்றே பார்த்தார். நிறமி பள்ளங்களில் மட்டும் ஒழுங்காக ஓடியதால் அதைத் தொட வேண்டாம் என்றுவிட்டார்.