அஸ்ஸாயே யானை

இந்தியத் தரைப்படையின் மெட்ராஸ் ரெஜிமென்டின் இலச்சினையில் ஒரு கேடயமும், குறுக்காக வைத்த இரண்டு வாள்களும், ஒரு யானையும் இருக்கின்றன. வாளும் கேடயமும் எந்த நாட்டுப் படைச் சின்னத்திலும் காணக்கூடியவை. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யானையை வலிமை, கீழ்ப்படிதல், விசுவாசம் ஆகியவற்றின் அடையாளம் என்று விளக்குவார்கள். ஆனால் அது பொதுவான யானை அன்று. 'அஸ்ஸாயே யானை' என்றே அதற்குப் பெயர்.

இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் உள்ள அஸ்ஸாயே கிராமத்தருகே, 1803 செப்டம்பர் 23 அன்று, ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, மராட்டிய ஆட்சியாளர்களான சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் பெரும்படையை வென்றது. கம்பெனித் தரப்பில் மட்டும் 1,500 பேருக்கு மேல் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்த அந்தப் போரில் மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்களும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளும் தோளோடு தோள் நின்றன. இந்தியாவில் பெற்ற வெற்றிக்கு யானையையோ புலியையோ சின்னமாக வழங்குவது பிரிட்டிஷாரின் வழக்கம். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் தொப்பிச் சின்னத்திலும் அடியில் இதே யானை நின்றது.

விடுதலைக்குப் பிறகு, இந்தியரை எதிர்த்துப் பெற்ற வெற்றிகளைப் போர்ப் பெருமைகளாகக் கொண்டாடுவது தகாது என்று நம் இராணுவம் முடிவு செய்தது. அஸ்ஸாயேயும் அந்தத் தகாத பட்டியலில் சேர்ந்தது. ஆகவே அந்த வெற்றியை இன்று ரெஜிமென்ட் போர்ப் பெருமையாகக் கொண்டாட முடியாது. அதற்குப் பரிசாக வந்த யானையோ வீரர்களின் தொப்பியில் இருக்கிறது. இதை முரண்பாடு என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'அஸ்ஸாயே' என்ற சொல் யாரை யார் வென்றார்கள் என்பதை மட்டுமே சொல்லும். யானையோ, கம்பெனி அதைக் கொடுப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் மன்னர்களின் நாற்படையில் நின்ற விலங்கு. அதற்குப் புதுப்பொருள் ஏற்பது எளிது. 'சுவதர்மே நிதனம் ஸ்ரேயஹ' என்ற கீதை வாக்கை ரெஜிமென்ட் தன் குறிக்கோள் வாசகமாகக் கொண்டிருப்பதும் இந்தப் புதுப்பொருளோடு பொருந்துகிறது. தன் கடமையில் உயிர் துறப்பதே மேல் என்பதற்கு, எதிரி யார் என்ற குறிப்பு தேவைப்படுவதில்லை.

ஊர்ப் பெயர்தான் இன்னும் விடவில்லை. ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருப்பது நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், அஸ்ஸாயேயில் வென்ற அதே ஆர்தர் வெல்லெஸ்லி.