மைலோ டின்னில் வந்த வாத்துக்குஞ்சு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பசியாற உட்கார்ந்த நேரம் பார்த்து, தோட்டத்து லயத்து அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மைலோ டின். "தம்பி, இதக் கொஞ்சம் பாரு" என்று மூடியைத் திறந்தார். உள்ளே நாலு வாரக் குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. ரொட்டி சானாயை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

நான் ஈப்போவில் கால்நடை நோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் 22 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தட்டு கழுவுவது, கிருமி வளர்க்கும் கூழான அகார் காய்ச்சுவது, டாக்டர் கோழி அறுக்கும்போது கத்தரிக்கோல் எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் எல்லாருக்கும் நான் 'கோழி டாக்டர்'. எத்தனை முறை மறுத்தாலும் கேட்பதில்லை.

அக்கா தீபாவளிக்கென்று 40 குஞ்சு வாங்கி விட்டிருந்தார். பத்து நாளில் 11 போய்விட்டன. முதலில் கண்ணில் நீர் வடிந்து, சுற்றி இறகு ஒட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடி மாட்டியது போல வட்டம். அடுத்து பச்சைக் கழிச்சல். அப்புறம் தலை ஆட்டம், கழுத்து நடுக்கம். கடைசியில் மல்லாந்து விழுந்துவிடும். "தண்ணியில நீந்துற மாதிரியே காலை அடிக்குது தம்பி. தண்ணிதான் இல்ல" என்றார். பெரிய வாத்துகளுக்கு ஒன்றுமே இல்லை. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று. தீவனக் கடையில் கொடுத்த மஞ்சள் நிற மருந்துப் பொடியையும் தண்ணீரில் கலக்கி வைத்தாயிற்று.

நீந்துகிற மாதிரி என்றதுமே எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. ஆனால் வாத்து இப்படிக் கொத்தாகச் சாகும்போது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வீட்டில் அறுக்கவே கூடாது. இரண்டு பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அக்கா மகனை ஈப்போவுக்கு அனுப்பினேன்.

நினைத்தது சரிதான். ரீமெரெல்லா அனாட்டிபெஸ்டிஃபர் என்ற பாக்டீரியாக் கிருமி. வாயில் நுழையாத பெயர். 1904இல் ரீமர் என்பவர் பெருவாத்துகளில் இந்த நோயை விவரித்தார். 1932இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வாத்துப் பண்ணைகளில் கிளம்பியபோது 'புது வாத்து நோய்' என்றார்கள். கிருமி வேறு பல பேரினங்களில் தத்துப்பிள்ளையாக இருந்துவிட்டு, 1993இல்தான் ரீமரின் பெயரில் தனிப் பேரினம் பெற்றது. தொண்ணூறு வருடம் தாண்டியும் 'புது' நோய்தான்! வான்கோழிக்கும் வரும், சில சமயம் கோழிக்கும்.

இந்த நோயில் செத்த குஞ்சின் நெஞ்சைத் திறந்தால் ஒருமுறை பார்த்தவனுக்கு மறக்காது. இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெளிர் மஞ்சளாக ஒரு படலம், ஆறின பாலில் ஆடை கட்டியது போல. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாளாக உரிந்து வரும். ஆனால் ஈ.கோலை கிருமியும் இதே கோலத்தைப் போடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் எனக்குப் பிடித்த வேலை. ரத்தம் கலந்த அகார் தட்டுகளை ஜாடியில் அடுக்கி, மேலே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து மூடியை இறுக்கிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். உள்ளே கரியமில வாயு ஏறியிருக்கும், இந்தக் கிருமிக்கு அது இதம். மறுநாள் ரத்தத் தட்டில் பனித்துளி போலச் சின்னச் சின்னதாக முளைத்திருக்கும். மெக்கான்கி என்ற இன்னொரு வகை அகார் தட்டில் ஈ.கோலை ரோஸ் நிறத்தில் வளரும், இதுவோ எட்டியே பார்க்காது.

ஆய்வுக்கூடத்துப் பழைய கூட்டாளி ஒருவர் இந்த முறை, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கக் கிருமியின் மேல் மருந்து வில்லைகளை வைத்த தட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார். அந்தக் கடைப் பொடியில் இருந்த அதே மருந்தின் வில்லையைச் சுற்றி, துளி இடைவெளி விடாமல் கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது. காசும் போய் பத்து நாளும் போனது இப்படித்தான். வேறொரு மருந்து வில்லையைச் சுற்றி நல்ல வட்டம் தெளிந்திருந்தது. டாக்டர் அதையே எழுதிக் கொடுத்தார்.

"தடுப்பூசி போட்டிருந்தா தப்பிச்சிருக்குமா?" என்றார் அக்கா. இந்தக் கிருமியில் 21 வகைக்கு மேல் உண்டு. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. எந்த வகை சுற்றுகிறது என்று தெரியாமல் ஊசி போடுவது, வேறு வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து நம் வீட்டுப் பூட்டைத் திறப்பது போலத்தான்.

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. லயத்துக்குப் போய்க் கொட்டகையைப் பார்த்தேன். மழையில் சேறாகிறதே என்று அத்தான் செம்பனை ஆலையிலிருந்து கொட்டை ஓடு வாங்கிப் பரப்பியிருந்தார். தோட்டத்துப் பாதையில் போடுவார்களே, அதே ஓடுதான். ஒரு குஞ்சைத் தூக்கி, விரல்களுக்கு இடையிலிருந்த தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். பிளேடால் கிழித்தது போல மூன்று கீறல். இந்தக் கிருமி மூச்சு வழியாகவும் வரும், கால் புண் வழியாகவும் ஏறும். போதாததற்கு நெரிசல், ஈரம், மூத்திர நெடி.

அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், குஞ்சுகளுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்தவர். அன்றைக்கே ஓடுகளை வாரிவிட்டு மரத்தூள் கொட்டினார். நோயுற்றவற்றைத் தனியாக அடைத்தோம். அதற்குப் பிறகும் நாலு செத்தன. மீதி 25 தேறிவிட்டன.

வாரிய ஓடுகளை இப்போது லயத்து முன்வாசல் சேற்றில் போட்டிருக்கிறார். செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன். எனக்கே வலித்தது.