மறுபதிப்பு வாங்குமுன் புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கங்கள்

பழைய நூலுக்குப் புது அட்டை போட்டு விற்பது இப்போது நல்ல வியாபாரம். ஆசிரியர் காலமான அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். நாட்டுடைமை ஆன நூல்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. அதனால் ஒரே நூல் நாலு பதிப்பகத்தின் பெயரில், நாலு விலையில் கிடைக்கிறது. கதைப் புத்தகமானால் எதை எடுத்தாலும் பெரிதாக நட்டமில்லை. இலக்கியம், வரலாறு, வைத்தியம், திருமுறை என்று வரும்போதுதான் சிக்கல். இவற்றில் மறுபடி அச்சுக் கோக்கும்போது எண்ணும் அளவும் அடிக்குறிப்பும்தான் முதலில் கெடும். மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணில் அவை படவே படாது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். எந்தப் பழைய பதிப்பை மூலமாக வைத்தார்கள் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். 'முதற்பதிப்பு 2019' என்று மட்டும் போட்டிருந்தால் அது அந்தப் பதிப்பகத்துக்கு முதற்பதிப்பு, நூலுக்கு அல்ல. பழைய பக்கங்களை அப்படியே ஒளிநகல் எடுத்து வெளியிட்டவை இந்த விஷயத்தில் யோக்கியமானவை. ஆனால் பழைய முகப்பில் பல சமயம் வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அதற்குப் பஞ்சாங்கம் தேட வேண்டாம். தாது வருஷப் பஞ்சத்தை நினைவில் வைத்தால் போதும்: தாது 1876 சித்திரையில் பிறந்தது. அதிலிருந்து 13ஆவதாக வரும் விரோதி 1889. மாதம் தையோ மாசியோ பங்குனியோ என்றால் ஆங்கில ஆண்டு மாறியிருக்கும், ஒன்று கூட்டி 1890 என்று கொள்ள வேண்டும். அதே விரோதி 60 ஆண்டு கழித்து 1949இலும் வருகிறது. எந்தச் சுற்று என்பதைத் தாளும் எழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

சங்க நூல்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. ஒழுங்கான பதிப்பு அந்த எண்களைக் காலியாக விட்டுவிட்டு 269க்குப் போகும். கடையில் நின்றபடியே 312ஐத் திறந்து பாருங்கள். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' அங்கே இருந்தால் சரி. 310இல் இருந்தால் யாரோ இடைவெளியை அடைத்து வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு எந்தக் கட்டுரையில் வரும் மேற்கோளையும் அந்தப் புத்தகத்தில் தேடிப் பிடிக்க முடியாது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை என்பதையும் நல்ல பதிப்பு முகவுரையில் சொல்லும். சந்தி பிரித்த பதிப்பு வாசிக்கச் சுகமானது. யாப்பு பார்க்க வேண்டுமானால் பிரிக்காத மூலமும் உடன் இருக்கட்டும், சீர் பிரிந்த இடத்தில் தளை, அதாவது சீரும் சீரும் சேரும் கட்டு, தெரியாது.

தேவாரம் வாங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இரண்டு அடைவுகளால், அதாவது பதிகங்களை வரிசைப்படுத்தும் இரண்டு முறைகளால். பண்முறை அடைவில் முதல் மூன்று திருமுறை சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். தலமுறை அடைவு ஊர் வாரியாகப் போகும், தில்லையில் தொடங்கும். உள்ளே முதற்பக்கத்தைப் பாருங்கள்: 'தோடுடைய செவியன்' இருந்தால் பண்முறை. '5.90.1' என்று ஒருவர் குறிப்புக் கொடுத்தால் ஐந்தாம் திருமுறை, 90ஆம் பதிகம், முதற்பாட்டு என்று பொருள், அதாவது 'மாசில் வீணையும்'. பண்முறைப் புத்தகத்தில் இதை அரை நிமிடத்தில் எடுக்கலாம். தலமுறைப் புத்தகத்தில் அந்த எண் உதவாது, பாட்டுகளின் முதற்சொற்களை அகர வரிசையில் தரும் பாட்டு முதற்குறிப்பு அகராதிதான் கை கொடுக்கும். அந்த அகராதியைத்தான் பக்கம் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுகிறார்கள். அது இல்லாத தலமுறைப் பதிப்பு கோயிலுக்கு எடுத்துப்போய் அந்தந்த ஊரில் நின்று பாட நல்லது. மேற்கோள் தேட லாயக்கில்லை. பண்முறையில் பதிகத் தலைப்போடு பண் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். நட்டபாடை, தக்கராகம் என்ற அந்த ஒற்றைச் சொல் விடுபட்டால் அடைவே அர்த்தமில்லாமல் போகிறது.

ஆழ்வார்களின் நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்துக்கும் இதே தொல்லை உண்டு. சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டையும் எத்தனை பாட்டாக எண்ணுவது, இராமாநுச நூற்றந்தாதியின் 108ஐச் சேர்ப்பதா என்பதில் பதிப்புகள் ஒத்துப்போவதில்லை. தொடர் எண்ணை நம்பாமல் ஆழ்வார், பிரபந்தம், பத்து, திருமொழி என்று குறித்துக்கொள்வது பத்திரம்.

வரலாற்று நூலுக்கு உயிர் அடிக்குறிப்பில் இருக்கிறது. சோழர் பற்றிய ஒரு வாக்கியத்துக்குக் கீழே கல்வெட்டு எண் இல்லையானால் அதைச் சரிபார்க்க வழியில்லை. எண்கள் இரண்டு வகை. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 66' என்றால் கல்வெட்டின் வாசகமே அங்கே அச்சாகியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேரின் பட்டியல் அதுதான். ஓர் எண்ணும் ஓர் ஆண்டும் மட்டும் கொடுத்திருந்தால் அது கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை எண். அங்கே சுருக்கம்தான் கிடைக்கும், எண்ணும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். மறுபதிப்பில் ஆண்டு விழுந்து எண் மட்டும் நின்றால் அது எதற்கும் ஆகாது.

ஆட்சியாண்டுக் கணக்கும் அடிக்கடி சறுக்கும் இடம். முதலாம் இராசராசன் பட்டமேறியது 985 நடுவில். அதுவே 1ஆவது யாண்டு. ஆகவே 26ஆவது யாண்டுக்குக் கூட்ட வேண்டியது 25: 1010 நடுவிலிருந்து 1011 நடுவரை. 26ஐக் கூட்டி 1011 என்று அச்சிட்ட இடத்தைக் கண்டால் மற்ற ஆண்டுகளையும் சந்தேகப்படலாம்.

வைத்திய நூலில் அச்சுப்பிழை விளையாட்டில்லை. குன்றிமணி ஏறக்குறைய 130 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், பலம் 35 கிராம், ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி என்பது இன்று சித்த மருந்துச் செய்முறையில் கொள்ளும் கணக்கு. நல்ல பதிப்பில் இந்த அளவை அட்டவணை முன்னாலோ பின்னாலோ இருக்கும். 'பலம்' இருக்க வேண்டிய இடத்தில் 'வராகனெடை' விழுந்தால் சரக்கு எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தலைகீழாக விழுந்தால் எட்டு மடங்குக்கு மேல் ஏறும். பழைய ஏட்டிலும் அச்சிலும் கால் என்பதற்கான குறி பார்வைக்கு 'வ' போலவே இருக்கும். கணினியில் அடிப்பவர் அதை எழுத்தென்று நினைத்து அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுவார், கால் பலம் காணாமல் போய்விடும். இந்தப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019இல்தான். அதற்கு முன் அடித்தவற்றில் அளவுகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். ரசம் (பாதரசம்), தாளகம், லிங்கம் போன்ற நச்சுச் சரக்குகள் வரும் இடத்தில் 'சுத்தி செய்த' என்ற அடைமொழியும், சுத்தி முறைக்குத் தனிப் பகுதியும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாத நூலை அலமாரிக்கு வாங்கலாம். இருந்தாலும் இந்தச் சரக்குகளை வீட்டில் கையாளக் கூடாது, அது பட்டம் பெற்ற சித்த மருத்துவர் வேலை.

கடைசியாக, பில் போடுமுன் ஃபாரம், அதாவது ஒரே தாளாக அச்சாகி மடித்த பக்கக் கட்டு, பாருங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாகத்தான் அச்சாகி மடிகிறது. பைண்டிங்கில் ஒன்று விட்டுப்போனால் 16 பக்கம் மொத்தமாகப் போகும், அல்லது ஒரே ஃபாரம் இரண்டு முறை வரும். 16, 32, 48 என்று அந்தந்த இடத்தில் மட்டும் அடுத்த பக்க எண் தொடர்கிறதா என்று தள்ளிப் பார்த்தால் 500 பக்கப் புத்தகத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. முன்பக்கங்களுக்குத் தனி எண் கொடுத்திருந்தால் அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். முதுகைப் பாருங்கள்: மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் தையல், வெறும் பசையாக இருந்தால் பர்ஃபெக்ட் பைண்டிங். அகராதி, திருமுறை மாதிரி தினமும் விரிக்கும் புத்தகம் பசையில் இரண்டு வருடம் தாங்காது. இரண்டும் கிடைத்தால் நூறு ரூபாய் கூடினாலும் தையல் போட்டதையே எடுங்கள். ஃபாரம் குறைந்த பிரதியைக் கடையிலேயே கண்டுபிடித்தால் அப்போதே மாற்றித் தருவார்கள். புத்தகக் காட்சி முடிந்து அரங்கைப் பிரித்த பிறகு அந்த 16 பக்கத்துக்கு யாரிடம் போய் நிற்பது?