நாளைக்கான விறகு

நவம்பர் 14, 2024, வியாழன்

அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு மாடி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், பக்கவாட்டில் அம்மாவின் கையைப் பிடித்தபடி எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. ஒவ்வொரு படிக்கும் "பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை இருந்துகொண்டே இருக்கணும். கால் குறுக்கே போனால் புதிதாக வைத்த இடுப்பு மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

நவம்பர் 15

தூங்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வாசிப்பு வட்டத்தில் டிசம்பர் 8 நான் பேச வேண்டும். கதைகளில் எஜமானும் வேலைக்காரரும். ஜூலையில் ஒப்புக்கொண்டது. அப்போது அம்மா நடந்துகொண்டிருந்தாள்.

'இவான் இலியிச்சின் மரணம்' எடுத்தேன். 1886-ல் டால்ஸ்டாய் எழுதியது. சாகக் கிடக்கும் நீதிபதியின் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஜெராசிம். வீட்டில் எல்லோரும் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல, இவன் ஒருத்தன்தான் சொல்வதில்லை. எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தானே, கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன என்கிறான். கல்லூரி நாளில் இந்த இடத்தில் அழுதிருக்கிறேன்.

இன்றைக்கு வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். உனக்கு இன்னும் என்ன வேலை பாக்கி என்று கேட்கிறார் எஜமான். எல்லாம் முடிந்தது, நாளைக்கு விறகு பிளப்பது மட்டும்தான் என்கிறான். அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் காலைத் தூக்கிப் பிடி. பிடிக்கிறான். அந்த விறகை எப்போது பிளந்தான்? அவன் மலர்ந்த முகத்தோடு செய்தான் என்கிறது கதை. அந்த முகத்தைப் பார்ப்பது வலியில் கிடக்கிறவரின் கண். அவருக்கு அந்த மலர்ச்சி தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்படுகிறது.

அக்கா எட்டரைக்குக் கிளம்பினார். மந்தைவெளியிலிருந்து பெரும்பாக்கம். 2015 வெள்ளம் வரைக்கும் சைதாப்பேட்டை ஆற்றோரம்தான், இருபது நிமிஷத்தில் வந்துவிடுவார். இப்போது பிங்க் பஸ்ஸுக்குக் காசு வேண்டாம், ஆனால் ஒன்றே கால் மணி நேரம். போனதும் தண்ணீர் பிடிக்கணும், உலை வைக்கணும்.

நவம்பர் 18

எழுதும்போது 'கிளம்பினார்' என்கிறேன். நேரில் 'நீ'. "அக்கா, நீ சாப்பிட்டியா?" அவருக்கு என்னைவிடப் பதினொரு வயது அதிகம். நான் பாவாடை கட்டிய காலத்தில் என்னை 'நீ' என்றவர், எனக்கு வேலை கிடைத்த மாசத்திலிருந்து 'நீங்க'. பாப்பா மட்டும் மாறவில்லை. "பாப்பா, நீங்க போய்ப் படுங்க."

நவம்பர் 20

ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவின் தோட்டைக் கழற்றியது அக்காதான். திருகாணி இறுகிப்போய் வரவே இல்லை. சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருகி எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ரெண்டு. திருகாணியும் ரெண்டு. பாத்துக்கோங்க பாப்பா."

எதற்கு எண்ணிச் சொன்னார்?

நவம்பர் 22

அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள். என் கையால் கொடுத்தால் துப்புகிறாள். அக்கா ஊட்டினால் நாலு வாய்.

டால்ஸ்டாயின் இன்னொரு கதை, 1895, 'எஜமானனும் வேலைக்காரனும்'. நிகிதாவுக்கு நியாயப்படி வருஷத்துக்கு 80 ரூபிள் தரவேண்டும். எஜமான் வாசிலி தருவது 40. அதுவும் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் காசாக இல்லாமல் தன் கடைச் சரக்காக, கூடுதல் விலை போட்டு. நிகிதாவுக்கு இது தெரியும். தெரிந்தும் போக இடமில்லாமல் இருக்கிறான்.

தீபாவளிக்கு நாம் கொடுத்த இரண்டு புடவையை போனஸில் கழித்ததை இன்றைக்குக் கணக்கு நோட்டில் பார்த்தேன். என் கையெழுத்து.

நவம்பர் 24, ஞாயிறு

தாகூர், 1891. 'சின்ன எஜமானின் மீட்சி' என்று சொல்லலாம். ராய்சரண் பார்த்துக்கொண்ட எஜமான் வீட்டுக் குழந்தை பத்மா நதியில் போய்விடுகிறது. குழந்தையின் நகைக்காக இவன்தான் தூக்கிப் போனான் என்று தாய்க்குச் சந்தேகம். வேலையை விட்டு அனுப்புகிறார்கள். பிறகு தனக்குப் பிறந்த மகனைச் சின்ன எஜமானே திரும்பி வந்ததாக நம்பி, சொத்தை விற்று, சீமான் வீட்டுப் பிள்ளையாக வளர்த்து, கடைசியில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இது உங்கள் பிள்ளை, நான்தான் திருடினேன் என்கிறான். செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டு சொந்த மகனைக் கொடுத்துவிட்டு நடக்கிறான். விசுவாசமா, பழிவாங்கலா? இரண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. பிறகு அவன் ஊருக்கு அனுப்பிய பணம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பி வருகிறது. எனக்குக் கதை அந்தத் திரும்பி வந்த பணம்தான்.

எழுதிவிடுகிறேன். 1998. அம்மாவின் ஒற்றைத் தோட்டைக் காணோம். திருகாணி கழன்று போயிருந்ததால் அம்மா கழற்றி வைத்திருந்தாள், எங்கே என்று ஞாபகமில்லை. வீடு முழுக்கத் தேடினோம். நான் சொன்னது ஒரே வாக்கியம்: "அக்காதான் அங்க பெருக்கிட்டிருந்தாங்க." அதில் பொய் இல்லை. பெருக்கிக்கொண்டுதான் இருந்தார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றாள் அம்மா. பத்தொன்பது நாள் கழித்து அரிசி டின்னின் அடியில் காகிதத்தில் மடித்துக் கிடந்தது. அம்மாவே வைத்தது.

என்னைத்தான் அனுப்பினாள். "கிடைச்சுடுச்சுன்னு சொல்லாதே. எனக்கு முடியலைன்னு சொல்லு." சொன்னேன். அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே கூட வந்தார். கதவைத் திறந்த அம்மாவின் காதில் இரண்டு தோடும் இருந்தன. அக்கா பார்த்தார். நேரே உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்தார்.

நவம்பர் 27

மழை. முதுகில் சின்னதாகப் படுக்கைப் புண். முதலில் பார்த்தது அக்கா.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து விடாமல் ஊற்றுகிறது. ஏர்போர்ட்டை மூடிவிட்டார்களாம். தெருவில் கணுக்கால் தண்ணீர். அக்காவைப் போக வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் பேத்தி தனியாக இருக்கிறாள் என்பது, பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர் போனில் பேசியபோதுதான் தெரிந்தது. நான் கேட்கவே இல்லை.

டால்ஸ்டாய் கதையின் பனிப்புயலில் வாசிலி முதலில் நிகிதாவை விட்டுவிட்டுக் குதிரையோடு ஓடுகிறான். வழி தப்பிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேர்கிறான். பிறகு உறையும் நிகிதாவின் மேல் தன் ரோம அங்கியோடு படுத்துச் சூடு கொடுத்துச் செத்துப்போகிறான். நிகிதா பிழைக்கிறான். அந்தச் சாவு பாக்கி 40 ரூபிளுக்கு ஈடாகுமா? டால்ஸ்டாய் அவனை மன்னித்துவிடுகிறார். நிகிதாவை யாரும் கேட்கவில்லை.

கரண்ட் இல்லை. திவானில் படுக்கச் சொன்னேன். "தரைதான் சுகம் பாப்பா." அம்மா கட்டிலோரம் பாயை விரித்தார். நடுராத்திரி எழுந்து டார்ச் அடித்தேன். தலையணை நழுவிக் கீழே கிடந்தது. அம்மாவின் கால் குறுக்கே போகாதபடி அக்கா உட்கார்ந்த நிலையில் தன் முழங்கையை நடுவில் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணையை எடுத்து வைத்து அவர் கையை விடுவித்திருக்க வேண்டும். எழுப்பினால் தூக்கம் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். போய்ப் படுத்துவிட்டேன்.

டிசம்பர் 1

விடிந்ததும் பேத்திக்கு போன். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். அக்கா கையை உதறிக்கொண்டே டிக்காஷன் போட்டார்.

டிசம்பர் 3

எட்டாம் தேதி வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 4, புதன்

அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்: "அக்கா, அந்த அரிசி டின்..."

சீப்பு நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"அரிசி நேத்தே தீந்துடுச்சு பாப்பா. சொல்லணும்னுதான் இருந்தேன்."

டிசம்பர் 5

25 கிலோ பொன்னி சொல்லியாச்சு, சாயங்காலம் போடுகிறார்களாம். டின்னை நானே கவிழ்த்துத் துடைத்தேன்.